சட்டாம்பிள்ளையும் செயற்கை நுண்ணறிவும்

“சட்டாம்பிள்ளை” என்ற சொல் இக்காலத்தில் பெரும்பாலும் ஏளனப் பொருளிலேயே வழங்குகின்றது. எவரும் கேளாமலே பிறர்மீது அதிகாரஞ் செலுத்த முற்படுபவனைச் சட்டாம்பிள்ளை என்பர். ஆயின், யாழ்ப்பாணத்து முதியோர் வாக்கிலே “சட்டம்பியார்” என்றால் மதிப்புக்குரிய ஆசிரியர் என்றே பொருள். இன்று நகைப்புக்கு இடமாகிவிட்ட சட்டாம்பிள்ளை என்பதும் ஒரு காலத்தில் பொறுப்பு வாய்ந்த ஒரு பதவியின் பெயரே. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்த மூத்த மாணவனையே அச்சொல் குறித்தது. கணினியைத் தனியாசிரியராக்கலாமா என்று உலகம் வாதாடும் இந்நாளில், அந்தச் சட்டாம்பிள்ளையின் வரலாறு மீண்டும் நினைக்கத் தக்கது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இன்றுள்ளவாறு ஆண்டுதோறும் ஏறிச்செல்லும் வகுப்புகள் இருக்கவில்லை. ஐந்து வயதுப் பாலகனும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருப்பர். ஒருவன் மணலிலே விரலால் அகரம் எழுதிக்கொண்டிருப்பான். மற்றொருவன் எண்சுவடியை மனனஞ் செய்துகொண்டிருப்பான். வேறொருவன் ஓலையும் எழுத்தாணியும் கைக்கொண்டு நிகண்டுச் செய்யுளைப் படியெடுத்துக்கொண்டிருப்பான். ஒவ்வொருவனும் தான் எட்டிய இடத்திலிருந்தே மேற்செல்வான். முந்தியவன் பிந்தியவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிந்தியவன் முந்தியவனுக்காக ஓட வேண்டியதுமில்லை.

இத்தனை பேருக்கும் ஆசிரியர் ஒருவரே. அவர் ஒருவராகவே அனைவருக்கும் தனித்தனியே கற்பித்தல் இயலாதாகலின், கெட்டிக்காரனான மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக நியமித்தார். சிறுவன் எழுத்தைச் சொல்லிக்கொண்டே எழுதுகின்றானா என்று பார்ப்பதும், பிழை கண்ட இடத்தில் நிறுத்தித் திரும்ப எழுதச் செய்வதும், பாடம் நெட்டுருவாகும் வரை பொறுமையோடு கேட்பதும் அவன் கடமைகள். ஆனால் பாடம் முடிந்தது என்று தீர்ப்புக் கூறும் உரிமை அவனுக்கில்லை. மாணவன் ஆசிரியர் முன்னே கைகட்டி நின்று பாடத்தை ஒப்புவிக்க வேண்டும். அவர் செவிமடுத்து ஏற்ற பின்னரே அடுத்த பாடம் தொடங்கும். சட்டாம்பிள்ளை உதவினான், ஆசிரியர் தீர்ப்பளித்தார். இருவருக்கும் இடையே இருந்த தூரம் ஒரு திண்ணையின் நீளமே.

தமிழர் மரபிலே கல்வி என்பது ஒருவர் கையை ஒருவர் பற்றித் தொடங்குவது. விசயதசமியில் ஏடு தொடக்கும்போது, பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டிலே பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கின்றார். உயர்கல்வியிலும் இதுவே முறை. உ. வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டு மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் முதலில் அவரைப் பாடல் சொல்லச் செய்து, பொருள் கூறச் செய்து, அவர் கற்றிருந்தது எவ்வளவு என்பதை அறிந்துகொண்டார்; அதற்குப் பின்னரே பாடம் தொடங்கியது. 1876இல் ஆசிரியர் மறையும் வரை அந்த உறவு நீடித்தது. ஏட்டிலே உறங்கிக் கிடந்த பழந்தமிழ் நூல்கள் பல பின்னர் அச்சேறியதற்கு அந்த ஐந்தாண்டுப் பயிற்சியும் ஒரு காரணமாகும்.

இத்தகைய கல்வி சிறந்ததே, ஆனால் அரிது. ஒரு மகாவித்துவானிடம் எத்தனை மாணவர் பயிலக்கூடும்? தனிக்கவனமின்றிக் கல்வி நிறைவுறாது. தனிக்கவனமோ எல்லார்க்கும் கிட்டாது. இந்த இடைவெளியை நிரப்பவே ஒவ்வொரு காலமும் ஆசிரியருக்கு ஒரு துணையைத் தேடிற்று. திண்ணைப் பள்ளி கண்ட துணை சட்டாம்பிள்ளை. அந்தத் துணை கடல் கடந்து சென்ற கதை வியப்புக்குரியது.

அந்திரூ பெல் என்பவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார். 1753இல் பிறந்த இவர் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரிலே படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்களின் போக்கு அவருக்கு மனநிறைவு தரவில்லை. அக்காலத்தில் ஒருநாள் குதிரையில் உலாவச் சென்றபோது, தமிழ்ப் பிள்ளைகள் நிலத்திலே மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதே முறையைத் தம் பள்ளியிலும் கைக்கொள்ள விழைந்தார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியோரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று. நாளடைவில் பள்ளி முழுவதுமே மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் பள்ளியாக மாறிற்று.

1796இல் இந்தியாவை விட்டு நீங்கிய பெல், மறு ஆண்டில் தமது முறையை விளக்கி இலண்டனில் ஓர் அறிக்கையை அச்சிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் யோசேப்பு லங்காஸ்டர் என்பவரும் இலண்டனின் தென்பகுதியில் இதையொத்த பள்ளியொன்றை நடத்தத் தொடங்கினார். தொழிற்சாலைகள் பெருகி, எழுத்தறியாத ஏழைப் பிள்ளைகள் நகரங்களிலே திரண்டிருந்த காலம் அது. ஓர் ஆசிரியரும் சில சட்டாம்பிள்ளைகளும் இருந்தால் நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்கலாம் என்ற செய்தி ஆள்வோர்க்கும் அறவோர்க்கும் தேனாக இனித்தது. “மதராஸ் முறை” என்ற பெயருடன் அது இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிற்று. பெல் விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு 1833இல் ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் நகரில் நிறுவப்பட்ட பாடசாலை இன்றும் “மதராஸ் கல்லூரி” என்றே அழைக்கப்படுகின்றது. தமிழ்நாட்டுத் திண்ணையின் நிழல் அத்துணைத் தூரம் நீண்டிருந்தது.

ஆயினும், அந்தப் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. நூறு பிள்ளைகளுக்கு மேலாக ஓர் ஆசிரியர் என்றானபோது, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் ஒப்புவித்தலையும் கேட்பது இயலாமற் போயிற்று. சட்டாம்பிள்ளை தான் நெட்டுருச் செய்ததைத் திரும்பக் கூறினான். ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு விடை கூற அவனால் முடியவில்லை. பிள்ளைகள் சொற்களைக் கற்றனர், பொருளைக் கற்றிலர். 1846இல் பிரித்தானிய அரசாங்கம், பதின்மூன்று வயது கடந்த மாணவரை முறையாகப் பயிற்றி ஆசிரியராக்கும் வேறொரு திட்டத்தைத் தொடங்கியது. மதராஸ் முறை படிப்படியாக மறைந்தது.

இவ்வரலாற்றில் மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. மதராஸ் முறை ஏழைப் பிள்ளைகளுக்கென்றே விரிக்கப்பட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாசிரியர் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார். திண்ணைப் பள்ளியில் ஆசிரியரின் துணையாக இருந்த சட்டாம்பிள்ளை, இங்கிலாந்திலே ஆசிரியருக்குப் பதிலாள் ஆக்கப்பட்டான். செல்வனுக்கு ஆசிரியர், ஏழைக்குச் சட்டாம்பிள்ளை என்ற பாகுபாடு அங்கே தோன்றியது. முறையின் வீழ்ச்சிக்கு வித்து அதன் மலிவிலேயே இருந்தது.

இலங்கையிலே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மற்றொரு துணை வந்து சேர்ந்தது. அதுவே அச்சுப் புத்தகம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், மறு ஆண்டில் சென்னைக்குச் சென்று அச்சுயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். பிள்ளைகளின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பப் படிப்படியாக உயரும் பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டார். ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் ஒரு பிள்ளை தன் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற அப்புத்தகங்கள் கைகொடுத்தன. எனினும், புத்தகம் பேசுமேயன்றிக் கேளாது. படித்தவன் பிழையாக விளங்கிக்கொண்டால் அதனைத் திருத்தும் ஆற்றல் அதற்கில்லை.

அடுத்த நூற்றாண்டில் கல்வி எல்லார்க்கும் உரியதாயிற்று. கல்வி அமைச்சராக விளங்கிய சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியினால் 1945 ஒக்டோபர் மாதத்தில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி வழிக் கல்வியும் 1950களில் இடைநிலை வகுப்புகளுக்குப் படிப்படியாக விரிந்தது. ஏழையின் பிள்ளையும் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கலாயிற்று. இலங்கையின் வரலாற்றிலே இதனிலும் பெரிய அறம் வேறு இல்லை எனலாம். ஆனால், பாடசாலை வாயில் அகன்ற அளவுக்கு ஆசிரியரின் நேரம் அகலவில்லை. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் தனிக்கவனம் ஒரு நிமிடம்.

இக்குறையே தனியார் வகுப்புகள் பெருகக் காரணமாயிற்று. கொழும்பு நகருக்கு வடக்கே, களனி கங்கையின் மறுகரையில் உள்ள ஹெந்தளையை உதாரணமாகக் கொள்ளலாம். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த தொழுநோய் வைத்தியசாலையாலும், ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாயாலும் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் அது. ஹெந்தளையிலும் வத்தளையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் நாள்தோறும் பாலத்தைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். பாடசாலை விட்ட பின்னர் “ரியூசன்” எனப்படும் வகுப்புக்காகக் கொட்டாஞ்சேனையிலேயே தங்குவோர் உளர். வெள்ளவத்தை வரை செல்வோரும் உளர். பெயரளவில் அது தனிப்பாடம். ஆனால் பேர்பெற்ற ஆசிரியரின் வகுப்பென்றால் நூற்றுக்கணக்கானோர் வாங்குகளில் நெருங்கியிருக்க, அவர் ஒலிபெருக்கியிலே பேசுவார். தனிக்கவனத்தைத் தேடிப் பணங்கொடுத்துச் சென்ற பிள்ளை, பாடசாலையிலும் பெரிய கூட்டத்தில் அமர்ந்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்புகின்றது. பணங்கொடுக்க இயலாத பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இதே குறையைக் கண்ட அமெரிக்க அறிஞர் சிலர் அதற்கு வேறு பரிகாரம் தேடினர். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துச் சிட்னி பிரெசி 1920களிலே, வினாக்களைக் காட்டி விடைகளைச் சரிபார்க்கும் சிறிய பொறியொன்றை அமைத்தார். 1953இல் உளவியலறிஞர் பி. எப். ஸ்கின்னர் தம் மகளின் வகுப்பறைக்குப் பார்வையாளராகச் சென்றார். கணக்கை விரைவில் முடித்த பிள்ளைகள் வாளாவிருந்தனர். முடியாத பிள்ளைகள் திகைத்திருந்தனர். தாம் எழுதியது சரியா பிழையா என்பது அப்போது எவருக்கும் தெரியவில்லை. இதனைக் கண்டு வருந்திய அவர், விடை எழுதியதும் அதன் சரி பிழையைத் தெரிவிக்கும் கற்பித்தற் பொறியை அமைத்து 1954இல் அறிஞர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். 1960இல் இலினோயிப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் “பிளேட்டோ” என்னும் கணினிவழிக் கற்பித்தல் முறைக்கு அடிகோலினார். 1970இல் ஹைமே கார்பொனெல் என்பவர் “ஸ்கொலர்” என்ற கணினி ஆசிரியரை உருவாக்கினார். தென்னமெரிக்காவின் புவியியல் பற்றி அது மாணவனை வினவும். மாணவனும் அதனை வினவலாம். புத்தகத்துக்கு இல்லாத செவி பொறிக்கு முளைத்தது அப்போதுதான்.

தனிக்கவனம் எவ்வளவு பயன் தரும் என்பதை அளந்து காட்டியவர் சிக்காகோவின் பேராசிரியர் பெஞ்சமின் புளூம். தனியாசிரியரிடம் தேர்ச்சி பெறும் வரை பயின்ற சராசரி மாணவன், வழக்கமான வகுப்பிலே பயின்ற மாணவருள் நூற்றுக்கு 98 பேரை விஞ்சினான் என்று 1984இல் அவர் எழுதினார். எல்லார்க்கும் தனியாசிரியரை அமர்த்த எந்த நாட்டாலும் இயலாதே, அதே பயனை வேறு எவ்வாறு பெறலாம் என்பதே அவர் விடுத்த வினா. பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. 2011இல் கேர்ட் வான்லென் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, தனியாசிரியரின் பயன் புளூம் கூறியதிற் பாதியளவிலும் குறைவே என்றார். ஆனால் அவர் மற்றொன்றையும் கண்டார். கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் துணைபுரியும் கணினி முறைகள், தனியாசிரியருக்கு ஏறக்குறைய நிகரான பயனைத் தந்திருந்தன. பயன் தந்தது விடையன்று; படிப்படியான துணையே.

இலங்கை வானொலி வரலாற்றிலும் இதற்கு இயைந்த நிகழ்ச்சியொன்று உண்டு. கொத்மலையிலே 1989இல் தொடங்கப்பெற்ற சமூக வானொலி, 1998இல் யுனெஸ்கோவின் துணையுடன் புதுமையான முயற்சியொன்றில் இறங்கியது. மலைநாட்டுக் கிராமங்களில் இணையம் எட்டாதிருந்த காலம் அது. நேயர்கள் தங்கள் ஐயங்களை வானொலிக்கு அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்திலே தேடி, அறிந்தோரைக் கலந்து, விடையை எளிய மொழியில் ஒலிபரப்புவார். பொறி தகவலைக் கொணர்ந்தது. மனிதர் அதனை ஆராய்ந்து கேட்போர்க்கு ஏற்றவாறு எடுத்துரைத்தார். சட்டாம்பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இருந்த பழைய உறவு அங்கே புத்துருப் பெற்றது.

2022 நவம்பர் மாத இறுதியிலே “சட்ஜிபிடி” என்னும் உரையாடற் பொறி பொதுமக்களின் கைக்கு வந்தது. 2023 மார்ச்சில் கான் அக்கடமி “கான்மிகோ” என்னும் கணினித் துணையாசிரியரை வெளியிட்டது. விடையை நேரே கூறாமல் வினாக்களால் மாணவனை விடைக்கு அழைத்துச் செல்வதே அதன் நோக்கம். இத்தகைய பொறிகள் செயற்படும் முறையைச் சுருங்கக் கூறலாம். மனிதர் எழுதிய பல கோடிப் பக்கங்களைக் கொண்டு அவை பயிற்றப்படுகின்றன. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் பொருத்தம் என்பதைக் கணித்துக் கணித்து அவை வாக்கியங்களைத் தொடுக்கின்றன. அவற்றின் விடை பெரும்பாலும் சரியாகவே அமைகின்றது. பிழைபடும்போதும் அதே தெளிவோடும் அதே உறுதியோடும் அமைவதே ஆபத்து. பழைய சட்டாம்பிள்ளை தெரியாத இடத்தில் விழிப்பான். ஆசிரியர் அதைக் கண்டுகொள்வார். புதிய சட்டாம்பிள்ளை விழிப்பது அரிது.

இதன் நன்மைகளை மறுத்தல் நீதியன்று. கூச்சமுள்ள பிள்ளை வகுப்பில் எழுந்து ஐயங் கேட்க அஞ்சும். அது பொறியிடம் ஒரே வினாவைப் பத்து முறை கேட்கலாம். பொறி சினவாது, நகையாது, பிரம்பை எடுக்காது. இரவு பத்து மணிக்கும் அது விழித்திருக்கும். ரியூசனுக்குப் பணமில்லாத வீட்டிலே, தாய் தந்தையர் கல்லாதவராயின், பாடத்தைப் பற்றிப் பேச அப்பிள்ளைக்குக் கிடைத்த ஒரே துணை அதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்தத் துணை எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் துருக்கி நாட்டிலே நடந்த ஆய்வொன்று தெளிவாகக் காட்டியது. ஏறக்குறைய ஆயிரம் உயர்தரப் பாடசாலை மாணவர் கணிதப் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான உரையாடற் பொறியைப் பயன்படுத்தினர். மற்றொரு பிரிவினர்க்கு, ஆசிரியரின் வழிகாட்டலுடன் அமைந்து, விடை கூறாது குறிப்பு மட்டும் தரும் பொறி வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்குப் பொறி இல்லை. பொறியில்லாதவரிலும் பார்க்க முதற் பிரிவினர் பயிற்சியில் நூற்றுக்கு 48 வீதமும், இரண்டாம் பிரிவினர் 127 வீதமும் சிறந்து விளங்கினர். பின்னர் பொறியை நீக்கிவிட்டுப் பரீட்சை வைத்தனர். விடையைப் பொறியிடம் பெற்றுப் பழகிய முதற் பிரிவினர், பொறியையே கண்டிராத மாணவரிலும் 17 வீதம் தாழ்ந்தனர். குறிப்பு மட்டும் பெற்றவர்க்கு அந்தத் தாழ்வு பெரும்பாலும் நேரவில்லை. 2025இல் வெளியான இவ்வாய்வு கூறுவது யாது? ஊன்றுகோலைக் காலாக எண்ணியவன், அதை எடுத்ததும் விழுந்தான். மணலிலே எழுதும் விரல் பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும் என்பதைத் திண்ணைப் பள்ளி அறிந்திருந்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு, சிறப்பாக இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, இதற்கும் மேலாக ஓர் இடர் உண்டு. இலங்கையில் அறிவியலைத் தமிழிலே கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், 1950களிலும் 1960களிலும், கலைச்சொற்றொகுதிகள் வெளியிடப்பட்டன. அவை தமிழ்நாட்டு வழக்கிலிருந்து பல இடங்களில் வேறுபடுவன. அங்கே வேதியியல் எனப்படுவது இங்கே இரசாயனவியல். அங்கே முடுக்கம் எனப்படுவது இங்கே ஆர்முடுகல். சொல் முற்றும் வேறாயின் தீங்கில்லை. பிள்ளை ஐயுற்றுக் கேட்டறியும். ஒரே சொல் இரு பொருள் தருமிடத்தில்தான் இடர் விளைகின்றது. ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவை இலங்கை நூல்கள் “திணிவு” என்றும், புவி அதனை ஈர்க்கும் விசையை “நிறை” என்றும் கூறும். தமிழ்நாட்டு நூல்களோ முன்னதை “நிறை” என்றும் பின்னதை “எடை” என்றும் கூறும்.

ஹெந்தளையில் ஒரு மாணவி, சந்திரனுக்குக் கொண்டுசென்றால் ஒரு பொருளின் நிறை என்னவாகும் என்று பொறியிடம் கேட்பதாகக் கொள்வோம். தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றிய பொறி, நிறை மாறாது என்று விடை தரும். அவளது பாடநூலின்படி நிறை ஏறக்குறைய ஆறிலொரு பங்காகக் குறையும். “வேகம்” என்ற சொல்லும் அத்தகையது. சீராக வட்டத்திலே சுழலும் பொருளின் வேகம் மாறுமா என்ற வினாவுக்கு, வேகம் என்பதைத் திசையோடு கூடிய அளவாகக் கொள்ளும் இலங்கை வழக்கிலே மாறும் என்பது விடை. திசையற்ற அளவையே வேகம் எனக்கொள்ளும் தமிழ்நாட்டு வழக்கிலே மாறாது என்பது விடை. இரு நாட்டாரும் கூறுவது உண்மையே. பரீட்சைத் தாளில் மட்டும் அம்மாணவி புள்ளியை இழப்பாள். ஏன் இழந்தாள் என்பதையும் அறியமாட்டாள். தமிழ்நாட்டின் மக்கட்டொகை பன்மடங்கு பெரிதாகலின், தமிழில் எழுதப்பட்டவற்றுள் அந்நாட்டு வழக்கே மிகுந்திருத்தல் இயல்பு. பொறி தான் படித்ததையே பேசும். இலங்கைப் பாடநூல்களையும் கலைச்சொற்களையும் அதன்முன் வைக்கும் பொறுப்பு இலங்கையருடையது. கல்வி அமைச்சின் “இ-தக்சலாவ” இணையத்தளம் தமிழிலும் பாடங்களை வழங்குவது அத்திசையில் ஒரு தொடக்கம். பொறியிடம் வினவும்போது, தன் வகுப்பையும் பாடநூலையும் குறிப்பிட்டு, இலங்கைப் பாடநூல் வழக்கிலே விளக்குமாறு கேட்கப் பிள்ளையைப் பழக்குவதும் ஆசிரியரின் புதிய கடமைகளுள் ஒன்றாகும்.

மற்றொரு கவலை சமத்துவத்தைப் பற்றியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதற்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மூவர் என்ற நிலை பலரும் கண்டதே. அந்நாளைய அனுபவம் ஓர் எச்சரிக்கை. வசதியுள்ள பிள்ளைக்கு ஆசிரியரும் உண்டு, ரியூசனும் உண்டு, அவற்றோடு பொறியும் உண்டு. வசதியற்ற பிள்ளைக்குப் பொறி ஒன்றே போதும் என்று எவரேனும் தீர்மானிப்பாராயின், இலண்டன் மாநகரம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்த தவறு இங்கே மீண்டும் நிகழும். ஆசிரியர் பற்றாக்குறையை மறைக்கும் திரையாகப் பொறி பயன்படலாகாது.

ஆசிரியர்க்குரிய இடமும் இவ்வரலாற்றினாலேயே தெளிவாகின்றது. பயிற்சிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தலும், எழுத்துப் பிழையைச் சுட்டுதலும், ஒரே விளக்கத்தைப் பலவாறு மாற்றிக் கூறுதலும் பொறியிடம் ஒப்படைக்கத் தக்கவை. அதனால் மீதியாகும் நேரம் ஒப்புவித்தலைக் கேட்பதற்கு உரியது. வீட்டிலே பொறியின் துணையோடு கணக்கைச் செய்த பிள்ளை, மறுநாள் வகுப்பிலே கரும்பலகை முன் நின்று, எவ்வாறு செய்தாய், ஏன் அவ்வாறு செய்தாய் என்று ஆசிரியர் கேட்க, தன் வாயாலே விளக்க வேண்டும். விளக்க முடிந்தால் கற்றது, முடியாவிடில் பெற்றது. கற்றதற்கும் பெற்றதற்கும் உள்ள வேற்றுமையை எந்தப் பொறியிலும் பார்க்க விரைவாகக் கண்டறிவது, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரின் கண்.

பெற்றோரும் இதிலே செய்யத் தக்கதுண்டு. தாம் கல்லாதவராயினும், அன்று பொறியிடம் கேட்டறிந்த ஒன்றைப் பிள்ளை தம்மிடம் தமிழிலே எடுத்துச் சொல்லுமாறு கேட்கலாம். தாய்க்கு விளங்குமாறு ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அப்பிள்ளைக்கு அது பெரிதும் விளங்கிற்று என்றே கொள்ளலாம். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

எழும்பூரிலே பெல் கண்ட வெற்றிக்கும் இங்கிலாந்திலே அவரது முறை அடைந்த தோல்விக்கும் சட்டாம்பிள்ளையின் அறிவு காரணமன்று. இரண்டிடத்தும் அவன் சிறுவனே. அவனுக்கும் ஆசிரியருக்கும் இடையே இருந்த தூரமே காரணம். இன்றைய சட்டாம்பிள்ளை சிறுவனல்லன். உலக நூலகங்களின் பெரும்பகுதியைப் படித்தவன். எனினும் அளவுகோல் அதுவே. பாடம் சொல்லிக்கொடுப்பவன் எத்துணை வல்லவனாயினும், பிள்ளை ஒப்புவிப்பதைக் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் அருகில் இருத்தல் வேண்டும். ஹெந்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த ஆசிரியரை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் உறுதிசெய்தல், பொறியை வாங்குவதிலும் முந்திய கடமையாகும்.